எருமையை யார் வரைவது?

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு, சடையங்குப்பத்தில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பகத்தின் வெளிச்சுவரில் படம் வரையலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். சுண்ணாம்பு காய்ந்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது ஏழாவது படிக்கும் ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, எரும வரையலாமா?"

"வரைம்மா. அதுக்கு எதுக்குக் கேக்குற?"

"இல்லக்கா, ஸ்கூல்ல வரைஞ்சேன். பொங்கலுக்கு எவளாவது எரும வரைவாளான்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அப்புறம் அழிச்சிட்டு பசுமாடு வரைஞ்சேன்."

அவள் வீட்டில் மூன்று எருமைகள் இருக்கின்றன. காலையில் அவிழ்த்துவிட்டால் கொசஸ்தலையாற்றுப் பக்கம் சதுப்பில் மேய்ந்துவிட்டுப் பொழுது சாயும்போது தாமாகவே வீடு திரும்பும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பக்கிங்காம் கால்வாயிலும் ஆற்றிலும் கலந்தது நினைவிருக்கும். அப்போது முழங்கால்வரை எண்ணெய் அப்பிக்கொண்டு வந்த எருமைகளைக் கோணிச் சாக்கால் துடைத்துக்கொண்டிருந்தவள் அவள். மாட்டுப் பொங்கலன்று அவள் அம்மா எருமைக் கொம்புக்கும் வண்ணம் அடிக்கிறார், கழுத்தில் மாலை போடுகிறார். ஆனால் பள்ளியில் அவள் வரைந்து மதிப்பெண் வாங்கியது வெள்ளைப் பசுவை. அப்படி ஒரு பசுவை அவள் மேய்த்ததில்லை. அது காலண்டரிலிருந்து இறங்கி வந்த பசு.

வகுப்பில் எழுந்த அந்தச் சிரிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு, தோழர்களே. ஓவியத்திலும் சிற்பத்திலும் ஆடு, மாடு, பன்றி, எருமை எல்லாம் எந்தக் காலத்திலும் சும்மா நின்றதில்லை. அவற்றோடு சேர்த்து எண்ணப்பட்ட மனிதர்களை உயர்த்தவும் தாழ்த்தவும் அவை வரையப்பட்டிருக்கின்றன. ஒரே விலங்கின் பொருள் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறியிருக்கிறது. எப்போது மாறியது, யார் மாற்றினார்கள் என்று கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஐரோப்பாவுக்குப் போய் வருவோம். நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைவிட அடுத்தவர் வீட்டுப் படம் நமக்குத் தெளிவாகத் தெரியும்.

பெல்ஜியத்தின் கென்ட் நகரத் தேவாலயத்தில் வான் எய்க் சகோதரர்கள் வரைந்த பெரிய பீடப் படம் இருக்கிறது. 1432-இல் முடிந்தது. அதன் நடுவில், பலிபீடத்தின் மேல் ஒரு வெள்ளை ஆடு நிற்கிறது. நெஞ்சிலிருந்து வடியும் ரத்தம் கிண்ணத்தில் விழுகிறது. சுற்றிலும் தேவதூதர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். அந்த ஆடுதான் கிறிஸ்து. தொழுவத்து விலங்கு ஒன்று வானத்து அளவுக்கு உயர்ந்துவிட்டது.

அதே தொழுவத்தின் இன்னொரு விலங்குக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். ஜெர்மனியின் விட்டன்பெர்க் நகரத் தேவாலயம் மார்ட்டின் லூதர் பிரசங்கம் செய்த இடம். அதன் வெளிச்சுவரில், உயரத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு புடைப்புச் சிற்பம். ஒரு பெண் பன்றி நிற்கிறது. அதன் மடியில் மனிதர்கள் பால் குடிக்கிறார்கள். இன்னொருவர் அதன் வாலைத் தூக்கிப் பார்க்கிறார். அவர்கள் தலையில் இருக்கும் தொப்பி அவர்கள் யூதர்கள் என்று சொல்கிறது. பன்றி இறைச்சியைத் தொடவே கூடாது என்பது யூதர்களின் மத விதி. அவர்களைப் பன்றியின் பிள்ளைகளாகச் செதுக்கி ஊரின் புனிதமான சுவரில் பதித்தார்கள். இதைப்போன்ற சிற்பங்கள் ஜெர்மானியத் தேவாலயங்கள் பலவற்றில் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவனும் நிமிர்ந்து பார்த்தால் போதும், யாரைக் கண்டு காறித் துப்பலாம் என்று தெரிந்துகொள்வான்.

அந்தச் சிற்பத்தை அகற்றச் சொல்லி யூதர் ஒருவர் தொடுத்த வழக்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1988-இல் சிற்பத்தின் கீழே ஒரு நினைவுத் தகடு பதித்திருக்கிறார்கள், அதனால் அது இழிவுச் சின்னம் என்ற நிலையிலிருந்து நினைவுச் சின்னமாகிவிட்டது, அங்கேயே இருக்கலாம் என்று 2022 ஜூனில் தீர்ப்பு வந்தது. எனக்கு இந்தத் தீர்ப்பு ஒப்பவில்லை. தரையில் ஒரு தகடு, தலைக்கு மேலே பன்றி. நடந்து போகிறவரின் கண்ணில் எது முதலில் படும்? ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 700 ஆண்டு பழைய பன்றிச் சிலையைப் பற்றி அந்த நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் உட்கார்ந்து விவாதித்தது. நம்மூரில் இதே வேலையைச் செய்யும் படங்களை நாம் பக்தியாகவோ பண்பாடாகவோ கடந்து போகிறோம்.

இனி மாட்டைப் பார்ப்போம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஒரு வினோதமான ஓவிய வகை பரவியது. பண்ணைக்காரர்கள் தங்கள் மாட்டை, ஆட்டை, பன்றியைத் தனியாக நிறுத்தி எண்ணெய் வண்ணத்தில் படம் எழுதி வாங்கினார்கள். பெட்டி போன்ற சதுர உடம்பு, தீக்குச்சி போன்ற கால்கள், சின்னத் தலை. 1802-இல் ஜான் போல்ட்பீ வரைந்த 'டர்ஹம் எருது' இவற்றில் பேர்போனது. அந்த எருதைத் தனி வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். அதன் அச்சுப் படங்கள் ஒரே ஆண்டில் 2000-க்கு மேல் விற்றன. தாமஸ் பியூவிக் என்ற மரச்செதுக்கு ஓவியர் ஒரு சுவையான செய்தியை எழுதி வைத்திருக்கிறார். செம்மறி ஆடுகளை வரையக் கூப்பிட்டவர்கள், ஆட்டின் உடம்பில் இல்லாத கொழுப்பையும் சேர்த்து வரையச் சொன்னார்களாம். கண்ணால் பார்க்காததை வரைய மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். வரைந்து கொடுத்தவர்களுக்குப் பணம் கிடைத்தது.

அந்த மாட்டுக்கு ஏன் அவ்வளவு கொழுப்பு? அந்தக் காலத்தில்தான் இங்கிலாந்தின் மேய்ச்சல் பொதுநிலங்கள் வேலி போட்டு அடைக்கப்பட்டன. நாடாளுமன்றமே ஆயிரக்கணக்கான சட்டங்கள் போட்டு, ஊர்ப் பொதுவில் கிடந்த நிலத்தைப் பெரிய நிலக்கிழார்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. பொதுவில் ஒரு பசுவை மேயவிட்டுப் பிழைத்த கூலிக் குடும்பம் அந்தப் பசுவை விற்றுவிட்டு நகரத்து ஆலைக்குப் போனது. ஏழையின் மாடு நிலத்திலிருந்து மறைந்த அதே ஆண்டுகளில் பணக்காரனின் மாடு சுவரில் ஏறியது. கொழுப்பு அந்த எருதின் உடம்பில் மட்டும் இல்லை, அதன் முதலாளியின் நிலக் கணக்கிலும் ஏறியிருந்தது.

வடசென்னைக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1960களில் மணலியில் சுத்திகரிப்பு ஆலை வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு மதில் சுவர் முளைத்திருக்கிறது. மேய்க்கால் என்று எங்கள் பாட்டிமார் சொன்ன இடங்களில் இன்று குழாய்கள் ஓடுகின்றன. 2011-இல் சடையங்குப்பம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதன் பிறகு மாடு வைத்திருப்பவர்களைப் பார்த்து "இது சிட்டி, இங்க எதுக்கு மாடு?" என்று கேட்பவர்களும் வந்துவிட்டார்கள். பூண்டியில் தண்ணீர் திறந்துவிட்டால் முதலில் மூழ்கும்போது மட்டும் நாங்கள் சிட்டியாக இருப்பதில்லை.

ஐரோப்பாவில் இன்னும் ஒரே ஒரு படம். 1655-இல் ரெம்பிராண்ட் அறுத்துத் தொங்கவிட்ட ஒரு மாட்டை வரைந்தார். தோல் உரித்த உடம்பு, கொழுப்பின் மஞ்சள், தசையின் சிவப்பு, பின்னால் எட்டிப் பார்க்கும் ஒரு பெண். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தவர் செய்ம் சூட்டின். இன்றைய பெலாரஸில் ஒரு ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸுக்கு வந்து பட்டினி கிடந்து ஓவியரானவர். 1925 வாக்கில் முழு மாட்டு உடம்பை வாங்கித் தன் அறையில் தொங்கவிட்டு வரைந்தார். நிறம் மங்கும்போது இறைச்சிக் கூடத்திலிருந்து ரத்தம் வாங்கி வந்து ஊற்றினார். நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள், சுகாதார அதிகாரிகள் வந்தார்கள். அவர் வரைவதை நிறுத்தவில்லை. ஆட்டில் கடவுளையும் எருதில் சொத்தையும் கண்ட ஓவிய மரபில், இறைச்சியை இறைச்சியாகவே, அதன் ரத்தத்தோடும் நாற்றத்தோடும் பக்கத்தில் நின்று பார்த்தவர் ஒரு ஏழை. பன்றிச் சிற்பத்தால் இழிவு செய்யப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் அவர் என்பதையும் சேர்த்தே பாருங்கள். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் வளர்ந்த என் சிநேகிதி ஒருத்தி இந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "தொடைய சரியா வெட்டல" என்றாள். கலை விமர்சகர்கள் யாரும் சொல்லாத கருத்து அது.

சரி, நம்மூருக்கு வருவோம்.

தமிழில் மாட்டுக்கு எழுப்பிய பழைய நினைவுச் சின்னங்கள் கோயிலில் இல்லை, நடுகல்லில் இருக்கின்றன. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. அவற்றை கி.மு. காலத்தவை என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். ஒரு கல்லில் 'ஆகோள்' என்ற சொல் வருகிறது. ஆநிரை கவர்தல் என்று பொருள். மாடு அங்கே செல்வம். கவரலாம், மீட்கலாம், அதற்காகச் சாகலாம். மழவர்கள் கொழுத்த பசுவைத் தின்றதை அகநானூறு கூசாமல் சொல்கிறது. எருமையும் அப்போது வசைச்சொல் அல்ல. புறநானூற்றில் பாடல் உள்ள ஒரு புலவரின் பெயர் எருமை வெளியனார். சங்கப் பாடல்களில் வரும் ஒரு குறுநிலத் தலைவன் எருமையூரன். இன்று ஒரு பிள்ளையை 'எருமை' என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் இன்னொரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். வீரன் ஒருவன் இறந்து கிடக்க, அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லில் எழுதி, நாயின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். வீரனுக்குச் சமமாக ஒரு நாய் தன் பெயரோடு கல்லில் நிற்கிறது. இந்த நாயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதே பல்லவர்கள் கடற்கரையில் செதுக்கிய மாமல்லபுரத்துக்குப் போனால் காற்று மாறிவிடுகிறது. பள்ளிச் சுற்றுலாவில் நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது மூன்று விலங்குகளை மட்டும் தேடிப் பாருங்கள்.

கிருஷ்ண மண்டபத்தில் ஒரு ஆயன் பால் கறக்கிறான், பசு திரும்பிக் கன்றை நக்குகிறது. இந்தியச் சிற்பத்தில் இவ்வளவு இயல்பான மாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பசுவின் பாதுகாப்பு ஆயன் கையில் இல்லை. பக்கத்தில் மலையைத் தூக்கி நிற்கும் கடவுளின் கையில் இருக்கிறது. வராகக் குகையில் பன்றித் தலையுள்ள கடவுள் பூமித்தாயைக் கடலிலிருந்து தூக்கி வருகிறார். பன்றியாக அவதாரம் எடுத்தவரைக் கும்பிடும் ஊர், பன்றி வளர்ப்பவரைத் தெருவுக்குள் விட மறுக்கும். இந்த முரணைப் பற்றிக் கேட்டால் 'அது வேற, இது வேற' என்பார்கள். எது வேறு என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது, எருமை. மகிஷாசுரமர்த்தினி குகையில் சிங்கத்தின் மேல் துர்க்கை வில்லோடு வருகிறாள். எதிரில் எருமைத் தலையும் மனித உடலுமாக மகிஷன், கையில் கதையோடு, ஓர் அரசனின் தோரணையில் நிற்கிறான். பின்வாங்குகிறான், ஆனால் விழவில்லை. கொஞ்ச தூரம் நடந்து திரிமூர்த்தி குகைக்கு வந்தால், வெளிப்புற மாடத்தில் அதே துர்க்கை. இப்போது காலடியில் வெட்டப்பட்ட எருமைத் தலை மட்டும். உடம்பு இல்லை, கதை இல்லை, எதிர்த்து நின்ற தோரணையும் இல்லை. எதிராளியாக நின்றவன் பீடமாகிவிட்டான்.

அந்தத் தலை யாருடையது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மைசூரில் தலித் மற்றும் முற்போக்கு அமைப்புகள் மகிஷ தசரா கொண்டாடுகின்றன. ஜார்க்கண்டின் அசுர் பழங்குடிகள் மகிஷனைத் தங்கள் முன்னோன் என்கிறார்கள். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்களின் மகிஷாசுரன் நினைவு நாள் துண்டறிக்கையை 2016 பிப்ரவரியில் ஓர் ஒன்றிய அமைச்சர் நாடாளுமன்றத்தில் வாசித்துக் கண்டித்தார். கல்லில் வெட்டிய எருமைத் தலைக்கு இன்னும் நாடாளுமன்றத்தைக் கலக்கும் வலு இருக்கிறது.

இனி நம் மாணவியின் காலண்டர் பசு. அது மாமல்லபுரத்துப் பசுவின் நேர் வாரிசு என்று நினைத்தால் தவறு. அது அச்சு இயந்திரத்தின் பிள்ளை, வயது 130-ஐ ஒட்டி இருக்கும். 1881-இல் தயானந்த சரஸ்வதி பசுப் பாதுகாப்புக்காக 'கோகருணாநிதி' என்ற நூலை எழுதினார். அடுத்த ஆண்டுகளில் வட இந்தியா முழுக்கப் பசுப் பாதுகாப்புச் சபைகள் கிளம்பின. 1893-இல் வட இந்தியாவிலும் பம்பாயிலும் கலவரங்கள் வெடித்து உயிர்கள் போயின. இந்தச் சபைகளின் கையில் ஒரு படம் இருந்தது. வெள்ளைப் பசு, அதன் உடம்பு முழுக்கத் தெய்வங்கள், மடியருகே பால் வாங்கிக் குடிக்கும் மக்கள். பிறகு ரவி வர்மா அச்சகமும் இந்த '84 தெய்வப் பசு'வை வண்ணத்தில் அச்சிட்டது. அந்தப் படத்தில் பசுவை நோக்கி வாளை ஓங்கி விலங்குத் தலையுள்ள அரக்கன் ஒருவன் வருகிறான். அவன் கலியுகத்தின் உருவம் என்றார்கள். பார்த்தவர்கள் முஸ்லிம் என்று படித்தார்கள். சபைகளின் விதிகளோ இன்னொரு அரக்கனையும் காட்டின: சமார்களுக்கு மாடு விற்கக் கூடாது. விட்டன்பெர்க் சிற்பியின் வேலையைத்தான் இந்த அச்சுப் படமும் செய்தது. அங்கே விலங்கை இழிவாக்கி அதன் பிள்ளைகளாக மனிதர்களைக் காட்டினார்கள். இங்கே விலங்கைப் புனிதமாக்கி அதன் எதிரிகளாக மனிதர்களைக் காட்டினார்கள்.

பிறகு வந்த காலண்டர்களில் அரக்கன் மறைந்துவிட்டான். கோவில்பட்டி கொண்டையராஜு மரபின் கடவுள் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. கண்ணனின் பின்னால் சாதுவாக நிற்கும் பசு நம் சேரி வீடுகளிலும் மளிகைக் கடை காலண்டராக வந்து தொங்கியது. வாளோடு வந்தவன் படத்தில் இல்லாததால் படம் யாருக்கு எதிரானது என்பதும் மறந்துபோனது.

சுதந்திரத்துக்குப் பிறகு கால்நடை வாக்குச்சீட்டிலும் ஏறியது. முதல் பொதுத் தேர்தலில் காங்கிரஸின் சின்னம் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. பண்ணையாள் அந்தக் காளைகளை ஓட்டியிருப்பான், அவை அவனுடையவையாக இருந்திருக்காது. அதே தேர்தலில் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு யானைச் சின்னத்தில் நின்றது. எந்தப் பண்ணையாரின் தொழுவத்திலும் கட்ட முடியாத விலங்கு என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்களா என்று எனக்கு அடிக்கடி தோன்றும், இது என் ஆசையாகவும் இருக்கலாம். காங்கிரஸ் உடைந்த பிறகு 1971-இல் இந்திரா அணி 'பசுவும் கன்றும்' சின்னத்தோடு வந்தது. எதிர்க்கட்சிகள் அதையே தாயும் மகனும் என்று கேலி செய்தன. 2017 ஜனவரியில் மெரினாவில் காளை தமிழரின் சின்னமானது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். சட்டையில் காளை அச்சடித்து நின்ற பலரிடம், உங்கள் ஊர் வாடிவாசலில் முதல் மரியாதை யாருக்கு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

இத்தனை படங்களிலும் ஒன்று விடுபட்டிருக்கிறது. செத்த மாடு.

கோயில் நந்திக்குச் சந்தனக் காப்பு. உயிருள்ள நந்தி செத்தால் இழுத்துப் போவது யார்? அதன் தோலை உரித்து, சுண்ணாம்பில் ஊறவைத்து, பறைக்குக் கட்டியது யார்? பறையின் தோல் தீட்டு என்றவர்கள், பசு, எருமை, ஆட்டுத் தோல்களால் ஆன மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டார்கள். மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு முழு நூலே எழுதினார். கச்சேரி மேடையில் வித்வானின் பெயரும் பாட்டெழுதியவரின் பெயரும் சொல்லப்படும். தோலுக்கு உயிர் கொடுத்த மாட்டின் பேச்சும் வராது, அதை வார்த்துக் கட்டியவரின் பேச்சும் வராது.

1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் நம் மக்களிடம், செத்த மாட்டு இறைச்சியை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தண்ணீர் உரிமைப் போராட்டம் என்று மட்டும் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். செத்த மாடு இழுக்க மறுத்த ஊர்களில் நம்மவர்கள் ஊர்விலக்கைச் சந்தித்தார்கள். 1948-இல் வந்த 'தீண்டப்படாதார்' நூலில், தீண்டாமையின் வேரையே மாட்டிறைச்சியோடும் அதைச் சுற்றி எழுந்த புனிதத்தோடும் இணைத்து அவர் வாதிட்டார். காலண்டர் பசு அவர் கண்ணுக்கு ஒரு சாதி ஆவணமாகத் தெரிந்தது.

2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் உனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அடித்தவர்களே அதைப் படமும் எடுத்துப் பரப்பினார்கள். பதிலுக்கு நம் மக்கள் செய்ததை உலகத்தின் எந்த ஓவியப் பள்ளியும் சொல்லித்தரவில்லை. சுரேந்திரநகரில் செத்த மாடுகளை வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோய் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் இறக்கினார்கள். உங்கள் புனிதத்தை நீங்களே அடக்கம் செய்துகொள்ளுங்கள் என்பது சேதி. தொடர்ந்து அகமதாபாத்திலிருந்து உனாவுக்குப் போன நடைபயணத்தில், மாட்டின் வாலை நீங்கள் வைத்துக்கொண்டு எங்களுக்கு நிலத்தைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். டர்ஹம் எருதின் சட்டகத்துக்கு வெளியே விரட்டப்பட்ட ஆங்கிலேயக் கூலிக்காரன் கேட்காமல் போன கேள்வி அது. சூட்டின் தன் அறைக்குள் தொங்கவிட்ட உடம்பை இவர்கள் அரசாங்கத்தின் வாசலில் கிடத்தினார்கள்.

நாமே வரையும் காலம் இப்போது வந்திருக்கிறது, கூடுதலும் திரையில். நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படமான 'ஃபன்றி' 2013-இல் வந்தது. பெயருக்குப் பொருளே பன்றி. பிடிபட்ட பன்றியைக் கம்பில் கட்டிக் குடும்பமே தூக்கிப் போகும்போது பின்னால் பள்ளிச் சுவரில் அம்பேத்கர் படம் தெரிகிறது. கடைசியில் அந்தப் பையன் எறியும் கல் நேராக நம் முகத்துக்கு வருகிறது. 2018-இல் 'பரியேறும் பெருமாள்' படத்தில் மாரி செல்வராஜ் கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் சாக விட்டார். அரங்கில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் வாய்விட்டு அழுதார். எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் என்ற பெயரோடு நின்ற நாயின் வம்சம் கருப்பி. அந்தக் கல்லுக்குப் பிறகு 1400 ஆண்டுகள் கழித்து ஒரு நாய்க்கு இப்படி ஒரு நடுகல் கிடைத்தது. 'கர்ணன்' படத்தில் முன்னங்கால் கட்டிய கழுதை, 'மாமன்னன்' படத்தில் பன்றிகள் ஒருபுறம், பந்தய நாய்கள் மறுபுறம். தெலுங்கு நிலத்திலிருந்து காஞ்ச அய்லய்யா 2004-இலேயே 'எருமை தேசியம்' என்று நூலுக்குப் பெயர் வைத்தார். இந்தியாவின் பாலில் ஏறக்குறைய பாதியை எருமை தருகிறது, தேசத்தின் தாய் என்ற பட்டம் மட்டும் பசுவுக்கு, ஏனென்றால் எருமை கறுப்பு என்பது அவர் வாதம்.

இவை எல்லாம் எனக்குப் பிடிக்கும். ஒரு சங்கடமும் உண்டு. நம் படங்களில் விலங்குகள் நமக்குப் பதிலாகச் சாகின்றன. நாம் பட்ட அடியைச் சொல்ல நாயைக் கொல்கிறோம், பன்றியைக் கொல்கிறோம். பிறர் நம்மை விலங்காக்கிய அதே உருவகத்தைத் திருப்பிப் பிடித்திருக்கிறோம். அதற்கு வலிமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பன்றி வளர்ப்பவருக்குப் பன்றி சின்னம் அல்ல. அது பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, சமயத்தில் செல்லம். அந்தப் பன்றியை எப்போது வரையப் போகிறோம்?

இதையெல்லாம் அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை. "உங்க வீட்டு எரும எப்படி இருக்குமோ அப்படியே போடு" என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் வரைந்தாள். சதுப்பில் வயிறுவரை தண்ணீரில் நிற்கும் எருமை ஒன்று, கரையில் ஒன்று, முதுகில் உண்ணிக்கொக்கு. பின்னால் புகைபோக்கி. அதை நான் சொல்லவில்லை, அவள் ஜன்னலிலிருந்து தெரிவதே அதுதான். கரையில் நிற்கும் எருமையின் காலில் எண்ணெயைக் காட்ட வேண்டும் என்றாள். அங்கேதான் சிக்கல் வந்தது. எருமைக் கறுப்புக்கும் எண்ணெய்க் கறுப்புக்கும் எப்படி வித்தியாசம் காட்டுவது? டப்பாவில் இருந்தது ஒரே கறுப்பு. கடைசியில் உடம்புக்கு வெள்ளை கலந்து சாம்பலாக்கிக்கொண்டாள், காலுக்கு மட்டும் கலக்காத கறுப்பு.

சாயங்காலம் மாடு தேடி வந்த அவள் அம்மா சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொம்பு இப்படி இல்லடி. பின்னால வளைஞ்சு போவணும்" என்று சொல்லிவிட்டு, சுவர் ஓரம் கிடந்த கரித்துண்டை எடுத்துத் தானே கோடு போட்டுக் காட்டினார்.